வீட்டில் பதின்மூன்று யோசேபஸ்

போன வாரம் வந்த பார்சலை நான் பிரித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது பதிமூணாவது, பாத்துக்கிடுங்க. எல்லாத்துலயும் ஒரே ஆளு, ஒரே கதைதானே?"

ஒரே ஆள்தான். ஒரே கதையா என்பதில்தான் வில்லங்கம். நான் பதில் சொல்வதற்குள் அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். ஐந்து தொகுதிகளில் ஒன்று அது. "அப்ப இன்னும் நாலு வருமா?"

அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். பொறுமை உள்ளவர்கள் மட்டும் தொடரவும்.

ஆள் யார் என்று முதலில். யோசேபஸ், கி.பி. 37இல் எருசலேமில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். 66இல் ரோமாபுரிக்கு எதிராக யூதர்கள் கிளம்பியபோது கலிலேயாவில் படைத்தலைவர். யோத்தபாத்தா என்ற ஊருக்குள் 47 நாள் முற்றுகையில் மாட்டிக்கொண்டார். ஊர் விழுந்ததும் 40 பேரோடு ஒரு குகைக்குள் ஒளிந்தார். சரணடைவதில்லை, சீட்டுக் குலுக்கி ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சாவோம் என்று முடிவானது. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவர் நம்மாள். எப்படி என்று கேட்டால், தெய்வச் செயலோ என்னவோ என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ரோமர்களிடம் போய், "நீர் பேரரசர் ஆவீர்" என்று தளபதி வெஸ்பாசியனுக்குக் குறி சொன்னார். அது 69இல் பலித்தும்விட்டது. அப்புறம் என்ன, விடுதலை, ரோமக் குடியுரிமை, ஓய்வூதியம். 70இல் எருசலேம் ஆலயம் எரிந்ததை ரோமப் படையின் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு ரோமில் உட்கார்ந்து 'யூத யுத்தம்' 7 புத்தகங்கள், ஆதாம் தொடங்கித் தன் காலம் வரைக்கும் 'யூதத் தொல்வரலாறு' 20 புத்தகங்கள், கூடவே சுயசரிதை ஒன்று, அப்பியோன் என்பவனுக்கு மறுப்பு ஒன்று என்று எழுதித் தள்ளினார்.

சொந்த சனத்துக்குத் துரோகி. ஆனால் அவர் இல்லையென்றால் மசாதா கோட்டையின் கதை நமக்குக் கிடைத்திருக்காது. இந்த ஆளை எனக்குப் பிடிக்குமா என்றால், சத்தியமாகத் தெரியவில்லை. நாற்பது வயதிலிருந்து இவர் பின்னால் அலைகிறேன் என்பது மட்டும் நிஜம்.

எனக்கு இவரை அறிமுகப்படுத்தியது தாத்தா. பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியார். அவருடைய அலமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஒரு தடிப் புத்தகம் உண்டு. வில்லியம் விஸ்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த யோசேபஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு மறு அச்சு, பக்கத்துக்கு இரண்டு பத்தி, எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. யாரோ ஒரு மிஷனெரி துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். நடுப்பக்கம் வரை ராமபாணப் பூச்சி ஒரு துளை போட்டிருக்கும். அதன் வழியாகத் தாத்தாவைப் பார்ப்பது எனக்கு விளையாட்டு.

அந்தப் பிரதியின் ஓரத்தில் ஒரே ஒரு பென்சில் குறிப்பு உண்டு. சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் சரக்கோடு திரும்பும் இடம். பொன், வெள்ளி, யானைத் தந்தம், எத்தியோப்பியர்கள், குரங்குகள் என்று யோசேபஸ் பட்டியல் போடுகிறார். அதற்கு நேராகத் தாத்தா எழுதியிருந்தது: "மயில் எங்கே?"

நியாயமான கேள்வி. வேதாகமத்தில், ராஜாக்களின் முதலாம் புத்தகத்தில், அதே கப்பல்களில் மயில்கள் வருகின்றன. எபிரெய மூலத்தில் அந்தச் சொல் 'துக்கியீம்'. அது நம்முடைய 'தோகை'யிலிருந்து போனது என்று கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் எழுதியிருக்கிறார். 1856இல் வந்த நூல். கால்டுவெல் இடையன்குடிக்காரர், அதாவது எங்கள் பக்கம். திருநெல்வேலிச் சீமையின் உபதேசியார் ஒருவருக்கு அந்த மயில் சொந்த ஊர் மயில். அதைக் காணோம் என்றால் சும்மா விடுவாரா?

மயில் பறந்துபோனது எப்படி என்று எனக்குத் தெரியவர முப்பது வருஷம் ஆயிற்று. யோசேபஸோ, அவர் கையில் இருந்த ஏடோ, 'துக்கியீம்' என்பதைக் 'கூஷியீம்' என்று படித்திருக்கலாம் என்பது அறிஞர்கள் சிலரின் ஊகம். கூஷ் என்றால் எத்தியோப்பியா. எபிரெய எழுத்தில் இரண்டு சொற்களும் பார்வைக்கு அவ்வளவு தூரமில்லை. ஒரு கண் வழுக்கினால் மயில் மனுஷனாகிவிடும்.

எனக்குப் பித்து பிடித்தது இந்த இடத்தில்தான். யோசேபஸை எடுத்துக்கொண்டால் மொழிபெயர்ப்புக்குப் பின்னால் மூலம் என்று ஒன்று நிற்கவில்லை. 'யூத யுத்தம்' முதலில் கிரேக்கத்தில் எழுதப்பட்டதே இல்லை. தம் தாய்மொழியில் எழுதிக் கிழக்கே இருக்கிற மக்களுக்கு அனுப்பியதாகவும் பிறகு அதைக் கிரேக்கத்தில் ஆக்கியதாகவும் அவரே முன்னுரையில் சொல்கிறார். அது அரமேயம் என்பது பொதுவான கருத்து. அந்த அரமேயப் புத்தகத்தில் ஒரு வரிகூட இன்று இல்லை. கிரேக்கத்துக்கும் உதவியாளர்களை வைத்துக்கொண்டேன் என்று அப்பியோன் மறுப்பில் ஒப்புக்கொள்கிறார். ஆக, பல்கலைக்கழகங்களில் மூலம் என்று தூக்கிவைத்துப் படிக்கிற கிரேக்கப் பிரதியே முதல் மொழிபெயர்ப்புதான். "மொழிபெயர்ப்பைப் போய் ஏன் சேர்க்கிறாய், மூலத்தின் நல்ல பதிப்பை வாங்கு" என்று எனக்குப் புத்தி சொன்ன நண்பர்களுக்கு நான் வைத்திருக்கிற பதில் இதுதான்.

அச்சிலும் கிரேக்கம் பிந்தித்தான் வந்தது. லத்தீன் யோசேபஸ் 1470இல் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சாகிவிட்டது. கிரேக்கம் பாசலில் ஃப்ரோபன் அச்சகத்திலிருந்து வெளிவரும்போது வருஷம் 1544. அந்த 74 வருஷ இடைவெளிக்குள் ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மக்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் லத்தீனிலிருந்து பெயர்த்தவை.

இதைவிடப் பெரிய கூத்து ஆங்கிலத்தில் நடந்தது. 1558இல் பீட்டர் மோர்வென் என்ற ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் யூதர்களின் கடைசிக் கால வரலாறு என்று ஒன்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். எழுதியவர் யோசேப் பென் கோரியோன், நடந்ததில் பெரும்பாலானதை நேரில் கண்டவர் என்று முகப்புத் தாள் அடித்துச் சொல்கிறது. உண்மையில் அது 'யோசிப்போன்' என்ற எபிரெய நூலின் வழி வந்தது. அந்த நூல் தெற்கு இத்தாலியில் பத்தாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது. நேரில் கண்டவர், எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் கழித்து! பெயர்கூட ஆள்மாறாட்டம். நம்மாள் மத்தித்தியாவின் மகன். கோரியோனின் மகன் யோசேப் என்பவர் அதே யுத்தத்தில் எருசலேமைக் காக்க நியமிக்கப்பட்ட வேறொருவர்.

வழியைப் பாருங்கள். அரமேயம் கிரேக்கமானது. கிரேக்கத்தை நான்காம் நூற்றாண்டில் ஒரு கிறிஸ்தவர் தம் இஷ்டத்துக்கு வெட்டியும் ஒட்டியும் லத்தீனாக்கினார். அந்த நூலுக்கு 'ஹெகேசிப்பஸ்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது, அதுவே யோசேபஸ் என்ற பெயரின் திரிபாக இருக்கலாம். அதையும் வேறு லத்தீன் ஏடுகளையும் வைத்துக்கொண்டு இத்தாலிய யூதர் ஒருவர் 'யோசிப்போன்' எழுதினார். அதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரத்து ஆபிரகாம் இப்னு தாவூத் சுருக்கினார். அந்தச் சுருக்கத்தை ஜெர்மன் அறிஞர் மூன்ஸ்டர் எபிரெயமும் லத்தீனுமாக அச்சிட்டார். மோர்வென் கைக்கு வந்தது அது. எங்கள் ஊரில் துஷ்டிச் செய்தி நாலு தெரு தாண்டினால் செத்தவர் பெயரே மாறிவிடும். இது பதினைந்து நூற்றாண்டு, நாலைந்து மொழி, இரண்டு மதம் தாண்டி வந்திருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்து 1290இல் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியது. திரும்ப அவர்கள் வெளிப்படையாகக் குடியிருக்க வழி பிறந்தது 1656 வாக்கில். மோர்வென் புத்தகம் வந்தபோது லண்டனில் யூதர் என்று சொல்லிக்கொண்டு யாரும் வாழ முடியாது. ஆனால் யூத வரலாறு மறுபடி மறுபடி அச்சாகி விற்றுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் இருக்க விடாதவர்களின் கதையை ராத்திரி விளக்கு வைத்துப் படித்திருக்கிறார்கள். மோர்வெனின் முதற் பதிப்புக்கு ஆசைப்படும் வசதி எனக்கில்லை. 1652 முதல் ஜேம்ஸ் ஹவல் திருத்தி வெளியிட்ட வடிவத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, கடைசி இரண்டு தாள் இல்லை. இல்லாவிட்டால் என்ன, எருசலேம் விழுந்துவிடும் என்று தெரியும்.

யோசிப்போனின் எபிரெய முதல் அச்சு 1470களில் மாந்துவாவில் ஆபிரகாம் கொனாத் போட்டது. அவர் மனைவி எஸ்தெலினாவும் அச்சு வேலை தெரிந்தவர், தனியாக ஒரு நூலே அச்சிட்டிருக்கிறார். அந்த மாந்துவா அச்சு நூலகக் கண்ணாடிப் பெட்டியைத் தவிர வேறெங்கும் எனக்குக் கிடைக்காது. எத்தியோப்பியாவில் இதே யோசிப்போன் 'யூதர் சரித்திரம்' என்ற பொருள்படும் பெயரோடு அவர்கள் வேத நூல் வரிசையிலேயே இடம்பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆள்மாறாட்டத்துக்குக் கிடைத்த மரியாதை.

சரி, லாட்ஜுக்கு வருவோம். என் சேகரிப்பின் பெருமையும் அவமானமும் அவர்தான்.

தாமஸ் லாட்ஜ் லண்டன் மேயர் ஒருவரின் மகன். இவர் எழுதிய 'ரோசலிண்ட்' என்ற கதையை எடுத்துத்தான் ஷேக்ஸ்பியர் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தை ஆக்கினார். 1591இல் கேவண்டிஷ் என்ற கடலோடியோடு கப்பலேறித் தென்னமெரிக்காவின் கடைக்கோடி வரை போய்ப் பட்டினியும் குளிரும் பட்டுத் திரும்பினார். கத்தோலிக்கரானார். பிரான்சில் அவிஞோன் நகரில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1602இல் யோசேபஸ் முழுவதையும் முதன்முறையாக ஆங்கிலத்தில் தந்தார், லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும். கிரேக்கத்தை அவர் தொடவில்லை, தொட்டதாகச் சொல்லவும் இல்லை. பிளேக் நோய்க்கு வைத்தியம் சொல்லி ஒரு நூலும் எழுதியவர், 1625இல், லண்டனில் பிளேக் பலரைக் கொண்டுபோன வருஷத்தில், போய்ச் சேர்ந்தார்.

லாட்ஜின் 1602 பதிப்பு ஒன்று விலைக்கு வந்திருப்பதாக எனக்குத் தகவல் வந்தபோது நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தேன். இங்கே வடக்கு இங்கிலாந்தில், மழை தவிர வேறு பருவமே இல்லாத ஊர். விற்றவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். மூன்று தவணையில் தரலாம் என்றார், அதிலேயே நான் விழுந்துவிட்டேன். வந்து சேர்ந்த புத்தகத்தை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். கன்றுத்தோல் கட்டு, முதுகு மட்டும் பிற்பாடு மாற்றியது. முகப்புத் தாளில் 1602 என்று பளிச்சென்று இருந்தது. ஒரு மாசம் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையில் எல்லாம் கணினித் திரைக்கு மாறி, சுவரில் மாட்டியிருந்த வெளிச்சப் பெட்டிகளைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். பிலிமைச் செருகிப் பார்ப்போமே, அது. ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முப்பது வருஷம் எலும்பு பார்த்த கண், புத்தகத்தையும் அதில் வைத்துப் பார்க்கச் சொல்லியது.

அந்தக் காலத்துக் காகிதத்தை வெளிச்சத்துக்குக் காட்டினால் உள்ளே கம்பிக் கோடுகள் தெரியும். கந்தல் கூழைக் கம்பிச் சல்லடையில் வாரி எடுத்துச் செய்த தாள், அதனால் சல்லடையின் தடம். நெருக்கமான மெல்லிய கோடுகள் ஒரு பக்கமாகவும், அவற்றுக்குக் குறுக்கே விரலிடை தள்ளித் தள்ளித் தடித்த கோடுகளும் ஓடும். முழுத்தாளை ஒரே மடிப்பாக மடித்துக் கட்டினால் அது ஃபோலியோ, தடித்த கோடுகள் மேலிருந்து கீழாக நிற்கும். இன்னொரு மடிப்பு மடித்துச் சின்னப் புத்தகமாக்கினால் அதே கோடுகள் படுத்துவிடும். லாட்ஜ் ஃபோலியோ. உள்ளே ஒவ்வொரு தாளிலும் கோடுகள் சிப்பாய் மாதிரி நின்றன. முகப்புத் தாளை வைத்தேன். கோடுகள் படுத்திருந்தன.

எலும்பு முறிவை முதலில் பார்க்கும் ஆள் நான்தான், டாக்டர் அப்புறம்தான் பார்ப்பார். நோயாளியிடம் முகத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழில் பழக்கம். அன்று ராத்திரி நோயாளியும் நானே.

முகப்பு தொலைந்துபோன ஒரு பிரதிக்கு எப்போதோ யாரோ வேறு பழைய காகிதத்தில் நகல் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு? லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் வாசகர் அட்டை இலவசம். இரண்டு நாள் லீவு போட்டுப் போய் அங்கிருந்த 1602 பிரதியை, என் புத்தகத்தின் படங்களோடு பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைச் சின்னதாக அச்சிடுவது அன்றைய வழக்கம், கட்டுகிறவன் தாளை மாற்றி அடுக்கிவிடாமலிருக்க. தாள் மடிகளுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்து, அதிலும் 23 எழுத்துதான், ஜே, யூ, டபிள்யூ கிடையாது. எல்லாம் ஒத்துப்போவது மாதிரி வந்து, முன்னுரையிலேயே வரிகள் வேறு இடத்தில் உடைந்தன. என்னிடம் இருந்தது 1620 மறுபதிப்பு.

விற்றவருக்கு எழுதினேன். பாதிப் பணம் திருப்பித் தந்தார், வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார். நான் அனுப்பவில்லை.

ஏன் என்றால் அதற்குள் அந்த 1620 பிரதியை நான் முழுக்கப் பார்த்திருந்தேன். ஒரு பழைய புத்தகம் எங்கே அதிகம் படிக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கக் கெட்டிக்காரத்தனம் தேவையில்லை, அழுக்கைப் பார்த்தால் போதும். இதில் இரண்டு இடம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. ஒன்று எதிர்பார்த்ததுதான். தொல்வரலாற்றின் 18ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி வருகிற சின்னப் பத்தி. யோசேபஸ் எழுதியதா, கிறிஸ்தவர்கள் பிற்பாடு கைவைத்ததா என்று நானூறு வருஷமாக அடித்துக்கொள்கிறார்களே, அது. "அவரே கிறிஸ்து" என்று கிரேக்கப் பிரதியில் இருக்கிறது. லத்தீனில் அதை எடுத்தாண்ட ஜெரோம் "கிறிஸ்து என்று நம்பப்பட்டார்" என்கிற பொருளில் தருகிறார். கிறிஸ்தவனாகப் பிறந்த எனக்கும் ஜெரோமின் பக்கம்தான் நம்பும்படி இருக்கிறது, தாத்தா மன்னிக்கட்டும்.

இன்னொரு இடம் 'யூத யுத்தம்' ஆறாம் புத்தகம். முற்றுகையிட்ட எருசலேமில் பசி தாங்காமல் மரியாள் என்ற பெண் தன் கைக்குழந்தையையே கொன்று சமைக்கிற பக்கம். அந்தத் தாளின் கீழ் மூலை தேய்ந்து துணி மாதிரி ஆகிவிட்டது. முன் வெற்றுத் தாளில் ஒரு பெண் தன் பெயரை எழுதி, "இது அவளுடைய புத்தகம்" என்று பழைய கையெழுத்தில் சேர்த்திருக்கிறாள். அவள்தான் அந்த மூலையைத் தேய்த்தவளா என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தத் தாளைத் திருப்பும்போது நான் பெருவிரலை வேறு இடத்தில் வைப்பேன்.

1602இல் லாட்ஜுக்கு 44 வயது என்று வைத்துக்கொண்டால், அவருக்குப் பின் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரும் கிழவர்கள். இதை யாரும் சொல்லி நான் படித்ததில்லை, அலமாரி முன்னால் நின்று கணக்குப் போட்டபோது தெரிந்தது. பிரெஞ்சில் ஆர்னோ தாந்தியி, பிறப்பு 1589, அவருடைய யோசேபஸ் வந்தது 1667. வயது 78. போர்-ரோயால் மடத்துப் பக்கம் ஒதுங்கி, பழமரம் வளர்த்துக்கொண்டு, விளைந்ததை அரசிக்கு அனுப்பிக்கொண்டு இருந்தவர். போன வார பார்சல் இவர்தான். ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் மொழிபெயர்ப்பு 1702, வயது 85. ராஜா காலத்தில் அச்சகங்களை வேவு பார்த்து மிரட்டுகிற தணிக்கை அதிகாரி. 1663இல் அவர் ராத்திரியில் புகுந்து பிடித்துக் கொடுத்த அச்சுக்காரர் ஒருவர் தூக்கிலேறி உடல் துண்டாடப்பட்டார். ஆட்சி மாறிப் பதவி போனதும் அதே மனுஷர் பதிப்பாளர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துச் சாப்பிட்டார். விதி என்றால் இதுதான். ஆனால் நடை பேச்சுத் தமிழ் மாதிரி, இல்லை, பேச்சு ஆங்கிலம், வழுக்கிக்கொண்டு போகும்.

பிறகு நம் தாத்தாவின் விஸ்டன். 1737, வயது 70 வாக்கில். கேம்பிரிட்ஜில் நியூட்டன் உட்கார்ந்த பேராசிரியர் நாற்காலியில் அவருக்கு அடுத்து உட்கார்ந்தவர். திரித்துவத்தை மறுத்ததற்காக 1710இல் வெளியே தள்ளப்பட்டார். நடுக்கடலில் வரிசையாகக் கப்பல்களை நிறுத்தி, நள்ளிரவில் ஆகாயத்தில் வெடி வெடிக்கவிட்டால் மாலுமிகள் தங்கள் தீர்க்கரேகையைக் கணித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர். இவரை நம்பித்தான் மூன்று தலைமுறை மிஷனெரிகள் யோசேபஸைப் படித்தார்கள். இதில் அழகு என்னவென்றால், யோசேபஸே உள்ளுக்குள் ஒரு வகை ஆதிக் கிறிஸ்தவர், இயேசுவை மேசியாவாக ஏற்றும் தெய்வமாக ஏற்காதவர் என்று விஸ்டன் தீவிரமாக நம்பி எழுதிச் சேர்த்திருக்கிறார். அதாவது கிட்டத்தட்ட விஸ்டனைப் போலவே. மத்தித்தியாவின் மகன் கண்ணாடியாக மாறிய எத்தனையாவது தடவை இது! எங்கள் ஊர் உபதேசியாருக்கு, சபை கண்டித்து ஒதுக்கிய மனிதர் ஒருவரின் வியாக்கியானத்தைத்தான் மிஷனெரி பரிசாகக் கொடுத்திருக்கிறார். தாத்தாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் மயிலைத்தான் தேடியிருப்பார்.

சேகரிப்பவர்களின் கதைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று பாக்கி. பெரி பிரபு என்ற பிரெஞ்சு இளவரசருக்காகத் தொல்வரலாற்றைப் பிரெஞ்சில் ஆக்கி இரண்டு தொகுதிகளாக எழுதத் தொடங்கிய கையெழுத்துப் பிரதி ஒன்று, அவர் 1416இல் இறந்தபோது ஓவியங்கள் முடியாமல் நின்றது. அரை நூற்றாண்டு கழித்து வேறொரு பிரபு அதை வரைந்து முடிக்க ஜான் ஃபூக்கே என்ற மகா ஓவியரிடம் கொடுத்தார். எரிகோவின் மதில் விழுவதையும் சாலொமோன் ஆலயம் கட்டுவதையும் ஃபூக்கே தம் பிரான்சையே பார்த்து வரைந்திருக்கிறார், ஆலயம் அசல் கதீட்ரல். முதல் தொகுதி பாரிஸில் பத்திரமாக இருந்தது. இரண்டாவது காணாமல் போய், 1903இல் லண்டனில் சாத்பிஸ் ஏலத்துக்கு வந்தது. 13 ஓவியங்கள் இருக்க வேண்டியதில் ஒன்றுதான் மிச்சம், மற்றதை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். ஹென்றி யேட்ஸ் தாம்சன் என்ற சேகரிப்பாளர் அதை வாங்கினார். இரண்டு வருஷத்தில், வின்ட்ஸர் அரண்மனை நூலகத்தில் ஓவியத் தாள்கள் ஒட்டியிருந்த ஆல்பம் ஒன்றிலிருந்து, வெட்டிய தாள்களில் பத்தை ஜார்ஜ் வார்னர் என்ற அறிஞர் கண்டுபிடித்தார். தாம்சன் புத்தகத்தைக் கொடுக்க, எட்வர்ட் அரசர் தாள்களைக் கொடுக்க, 1906இல் தொகுதி ஒன்றுசேர்ந்து பிரான்சுக்கே திரும்பிப் போனது.

வாங்கியவன் வாங்கியதைக் கொடுத்தான் என்பதுதான் இதில் என்னைத் தொட்டது. தாம்சனுக்கு ஒரு கொள்கை உண்டு. கையெழுத்துப் பிரதிகள் நூறுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். நல்லது ஒன்று உள்ளே வந்தால் சுமாரானது ஒன்று வெளியே போக வேண்டும். தெரியாத்தனமாக இதை ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் எண்ணிக்கை 12.

ஆகவே பதின்மூன்றாவது வந்ததற்கு ஒன்று வெளியே போக வேண்டும். லாட்ஜ் போகாது. தாத்தாவின் விஸ்டன் போகாது, அந்தப் பூச்சித் துளையோடு அது என்னோடுதான் இருக்கும். ஆனால் என்னிடம் இன்னொரு விஸ்டன் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மறு அச்சு, ஒரே தொகுதி, கட்டு உறுதி, தாள் எல்லாம் சரியாக இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடையாது, அலமாரியில் அலங்காரமாக வைக்கவும் தேறாது. படிக்கலாம். ஊர்ப்பக்கம் யாராவது உண்மையாகவே படிக்க விரும்பினால் எனக்கு எழுதுங்கள், முதலில் கேட்பவருக்கு அனுப்பிவைக்கிறேன், தபால் செலவு என்னுடையது. ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். பென்சிலால் மட்டும்.